நூறு கோடி ரூபாயை ஸ்டெம் செல்லில் எங்கே போடுவது?

2023 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. பிரிட்டன் அதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்திருந்தது. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தத்தின் எல்லா வகைச் செல்களையும் உருவாக்கும் மூலச் செல்களை வெளியே எடுத்து, அவற்றின் மரபணுவில் ஓரிடத்தைத் திருத்தி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் சிகிச்சை அது. முதலில் அரிவாள் செல் ரத்தசோகைக்கு அனுமதிக்கப்பட்டது. 2024 ஜனவரியில், ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டிய தலசீமியா நோயாளிகளுக்கும் அனுமதி வந்தது. அமெரிக்காவில் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடி ரூபாயைத் தாண்டும்.

எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் தலசீமியா உள்ள பிள்ளையோடு வரும் ஒரு தாயிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற நாள்தோறும் மருந்து வேண்டும். ரத்தமும் மருந்தும் இலவசமாகக் கிடைத்தாலும், வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு ஒவ்வொரு முறையும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, பிள்ளைக்குப் பள்ளி இழப்பு. பிள்ளை வளர வளர இவையும் தொடரும்.

தமிழ்நாடு அரசோ, ஒரு பெரிய அறக்கட்டளையோ ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி ரூபாயை ஸ்டெம் செல் துறைக்கு ஒதுக்க முன்வந்தால் அதை எங்கே போடுவது? வெளிநாட்டில் முடிந்த சிகிச்சையை விலைக்கு வாங்கலாம். தொப்புள்கொடி ரத்த வங்கியை வளர்க்கலாம். ஸ்டெம் செல் கொடுக்க முன்வருபவர்களின் பதிவேட்டையும், நலமான ஒருவரின் ரத்த ஸ்டெம் செல்லை நோயாளிக்குச் செலுத்தும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை அரசு மருத்துவமனைகளிலும் விரிவாக்கலாம். மருத்துவச் சுற்றுலா என்ற பெயரில் தனியார் ஸ்டெம் செல் மையங்களை ஊக்குவிக்கலாம். அல்லது ஆராய்ச்சியில் போடலாம். ரத்ததான முகாம்களோடு நெடுநாள் தொடர்பு உள்ளவன் நான். பதிவேட்டின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. அப்படியிருந்தும், கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது இந்தத் தொகையில் மிகப் பெரிய பங்கு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்றே முடிவுக்கு வருகிறேன். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களுக்காக அல்ல.

வாங்கிக்கொண்டால் என்ன?

முதல் வழியை முடித்துவிடலாம். 100 கோடி ரூபாயில் காஸ்ஜெவி ஐந்து பேருக்குக் கிடைக்கும். மருத்துவமனைச் செலவு தனி. இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் தலசீமியாவின் கடும் வகையோடு பிறக்கிறார்கள் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. அவர்களில் ஐந்து பேர்.

மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி; நம் மாநிலத்துக்கு அந்த விஷயத்தில் நல்ல வரலாறும் உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் சேர்த்து டெண்டர் விட்டு மருந்து வாங்கியது, விலை இறங்கியது, பிற மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. ஆனால் அந்த முறை எதனால் வேலை செய்தது? பாராசிட்டமால் தயாரிக்கப் பத்து நிறுவனங்கள் வரிசையில் நின்றன. ஒருவர் விலை கூடினால் அடுத்தவரிடம் போகலாம். காஸ்ஜெவிக்கு விற்பவர் ஒருவர்தான். விற்பவர் ஒருவராக இருக்கும்போது டெண்டருக்குப் பல் இல்லை.

அமெரிக்காவிலேயே இதே சிக்கல்தான். 33 மாநிலங்கள் சேர்ந்து, அரிவாள் செல் நோய்க்கான மரபணு சிகிச்சைகளுக்கு, பலன் கிடைத்தால்தான் முழுப் பணம் என்ற அடிப்படையில் மத்திய அரசின் வழியே பேரம் பேசும் திட்டம் 2025இல் தொடங்கியது. பணக்கார நாட்டின் மாநிலங்களே இப்படிக் கைகோக்க வேண்டியிருக்கிறது என்றால், தமிழ்நாடு தனியாகப் போய் நின்று எதைச் சாதிக்கும்? நமக்குத் தேவை இரண்டாவது விற்பவர். அவர் எங்கிருந்து வருவார் என்பதுதான் என் பார்வையில் ஸ்டெம் செல் ஆராய்ச்சியின் பொருளாதாரக் கேள்வி.

தொப்புள்கொடி வங்கி

சென்னையில் முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதியருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஸ்கேன் எடுக்கப் போன இடத்திலேயே விளம்பரத் தாள் கைக்கு வந்துவிடும். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேகரித்து உறைநிலையில் வைத்தால், பிள்ளைக்குப் பின்னாளில் நோய் வந்தால் உதவும், இது உயிருக்குக் காப்பீடு என்று சொல்வார்கள். கட்டணம் திட்டத்தைப் பொறுத்துப் பல பத்தாயிரம் ரூபாய்.

தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் இருப்பது உண்மை. 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் குழுவினர் செய்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சை வெற்றி பெற்றதும் உண்மை. ஆனால் அங்கே நோயுற்ற சிறுவனுக்குக் கொடுக்கப்பட்டது அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி ரத்தம். அவனுடையது அல்ல. தலசீமியா போன்ற மரபுவழி நோயில் குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே மரபணுப் பிழைதான் இருக்கும். அதைத் திருப்பிச் செலுத்தினால் நோயையே திருப்பிச் செலுத்துவதாகும்.

சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை முதல் 20 ஆண்டுகளுக்குள் பயன்படுத்தும் வாய்ப்பு 2,500 பேரில் ஒருவருக்கு என்பதிலிருந்து 2,00,000 பேரில் ஒருவருக்கு என்பது வரை என மருத்துவ இலக்கியம் மதிப்பிடுகிறது. ஒரு குடும்பம் 50,000 ரூபாய் கட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். நல்ல மதிப்பீட்டின்படியே, ஒரு குழந்தைக்குப் பயன்படுவதற்காகக் குடும்பங்கள் சேர்ந்து கட்டும் தொகை 12.5 கோடி ரூபாய். மோசமான மதிப்பீட்டின்படி 1,000 கோடி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் தனியார் வங்கியில் சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதைப் பரிந்துரைக்காததற்கு இந்த எண்கள் போதும். வீட்டில் ஏற்கெனவே ரத்த நோயுள்ள பிள்ளை இருந்து, அடுத்த குழந்தை பிறக்கிறது என்றால் மட்டும் கதை வேறு; அப்போது மருத்துவரே சேகரிக்கச் சொல்வார்.

பெற்றோர்கள் தங்கள் சேமிப்பைத் திரட்டி எல்லாருக்கும் பொதுவாக வைக்கும் சமுதாய வங்கி முறை இதைவிட மேல். அரசோ அறக்கட்டளையோ நடத்தும் பொது வங்கி அதைவிடவும் மேல். ஆனாலும் 100 கோடியை இதில் கொட்டச் சொல்ல மாட்டேன். பாதி மட்டுமே பொருந்தும் தாய் அல்லது தந்தையிடமிருந்து ஸ்டெம் செல் எடுத்து மாற்று சிகிச்சை செய்யும் முறை கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் தேறிவிட்டது. தொப்புள்கொடி ரத்தத்தின் தேவை உலகெங்கும் குறைந்து வருகிறது.

பதிவேடும் அரசு மருத்துவமனையும்

இந்த வழியில் போடும் பணம் நாளைக்கே உயிர் காக்கும். எச்எல்ஏ என்பது உடல் தன் செல்லையும் பிறர் செல்லையும் பிரித்தறியும் அடையாளம்; மாற்று சிகிச்சைக்கு அது பொருந்த வேண்டும். உடன்பிறந்தவரின் எச்எல்ஏ வகை முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. நான்கைந்து பிள்ளைகள் இருந்த காலத்தில் யாராவது ஒருவர் பொருந்திவிடுவார். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டின் கருவுறுதல் வீதம் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை. ஒரே ஒரு அண்ணனோ தங்கையோ உள்ள பிள்ளைகளில் நான்கில் மூவருக்கு வீட்டுக்குள் பொருத்தமான கொடையாளர் கிடையாது. சின்னக் குடும்பம் என்ற நம் வெற்றிக்குப் பின்னால் மருத்துவத்தில் இப்படி ஒரு விலை ஒளிந்திருக்கிறது.

சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட தாத்ரி கொடையாளர் பதிவேட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய சாதனைதான். ஆனால் எட்டரைக் கோடிக்கும் குறைவான மக்கள் வாழும் ஜெர்மனியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பதிந்திருக்கிறார்கள். நம்மிடையே நெடுங்காலம் அகமணமே வழக்கமாக இருந்ததால் எச்எல்ஏ வகைகள் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகின்றன. நகரத்துக் கல்லூரிகளில் மட்டும் முகாம் நடத்தினால் நீலகிரியின் பழங்குடிப் பிள்ளைக்கும் இராமநாதபுரத்து மீனவப் பிள்ளைக்கும் பொருத்தம் கிடைக்காது. முகாமில் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, பிறகு அழைப்பு வரும்போது பின்வாங்குபவர்கள் ஏராளம். பெரும்பாலும் வீட்டில் தடுத்துவிடுகிறார்கள். முதுகெலும்பில் ஊசி குத்துவார்கள் என்ற பயம். இன்று பெரும்பாலான கொடைகளில் சில நாள் ஊசி மருந்துக்குப் பிறகு கை நரம்பு வழியாகவே செல்களைப் பிரித்து எடுக்கிறார்கள், சில மணி நேரம் படுத்திருந்தால் போதும் என்பதை அம்மாக்களிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் பணம் வேண்டும்.

இந்தியாவில் ஓர் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு 15 லட்சம் ரூபாய் என்று வைத்தால் 100 கோடியில் 600 பேருக்கு மேல் செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதில் உதவுகிறது. கோல் இந்தியா நிறுவனம் 2017இலிருந்து தலசீமியா குழந்தை ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. ஐந்து பேருக்கா, அறுநூறு பேருக்கா என்று கேட்டால் பதில் சொல்ல யோசிக்க வேண்டியதே இல்லை.

பிறகு ஏன் முழுத் தொகையையும் இங்கேயே போடச் சொல்லவில்லை? மாற்று சிகிச்சையின் செலவு ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகப் பிறக்கிறது. 601ஆவது பிள்ளைக்கு மீண்டும் 15 லட்சம் வேண்டும். மற்றவருடைய செல்லை ஏற்றுக்கொண்ட உடலில் பின்விளைவுகளும் வரும்; சிலருக்கு உயிரே போகும்; வயது கூடக் கூட ஆபத்து கூடும். இவ்வளவு தெரிந்த பிறகும், இதற்கு ஒரு கணிசமான பங்கு போயே ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதைவிடவும் மலிவான ஒன்று இருக்கிறது: தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களைத் திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ ரத்தப் பரிசோதனையில் கண்டறிவது. சைப்ரஸ் நாடு 1970களிலிருந்து இதைச் செய்து புதிய பிறப்புகளை ஏறத்தாழ இல்லாமலே ஆக்கிவிட்டது. ஸ்டெம் செல்லுக்குப் பணம் கேட்கும் எவரும் இந்தப் பரிசோதனையைப் பேசாமல் நகர்வது நேர்மையல்ல. இதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே பிறந்து, இப்போது பத்து வயதில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது எதுவும் செய்யாது என்பதால்தான் மற்ற வழிகளையும் பேச வேண்டியிருக்கிறது.

மருத்துவச் சுற்றுலா

சென்னை இந்தியாவின் மருத்துவத் தலைநகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையை வைத்து, ஆட்டிசம், மூளைவாதம், தண்டுவடக் காயம் எனத் தீர்வில்லாத எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி போடும் மையங்களை ஒரு தொழிலாக வளர்க்கலாம் என்ற வாதமும் உலவுகிறது. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தெளிவானவை: ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை போன்ற நிறுவப்பட்டவை தவிர, மற்ற எல்லாம் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும், ஆய்வில் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து ஒரு செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணுக்குள் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்திருந்தார்கள். நகையை அடகு வைத்துப் பிள்ளைக்கு ஊசி போட்ட குடும்பங்களை நம் ஊரிலும் பார்க்கலாம். நம்பிக்கையை விற்று வரும் வருமானத்தைப் பொருளாதார வளர்ச்சிக் கணக்கில் எழுதக் கூடாது. இந்த வழிக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

ஆராய்ச்சி: கலிபோர்னியா சொல்வது என்ன?

ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு மக்கள் வரிப்பணத்தைப் பெருந்தொகையாகப் போட்டுப் பார்த்த இடம் கலிபோர்னியா. 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். 2001இல் ஜார்ஜ் புஷ் அரசு அத்தகைய ஆராய்ச்சிக்கு மத்திய நிதியைக் கட்டுப்படுத்தியது. அந்த இடைவெளியை நிரப்ப, கலிபோர்னிய வாக்காளர்கள் 2004இல் 300 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2020இல் இன்னொரு 550 கோடி டாலருக்கும் கொடுத்தார்கள்.

2004 பிரசாரத்தின்போது ஒரு பொருளாதார அறிக்கை, ராயல்டியாக மட்டும் 53.7 கோடி டாலரிலிருந்து 110 கோடி டாலர் வரை மாநிலத்துக்கு வரலாம் என்றது. 2020 வரை வந்த தொகை சில லட்சம் டாலர் அளவில்தான் இருந்தது. தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு 1,070 கோடி டாலர் கூடுதல் உற்பத்தி, 56,000க்கும் மேற்பட்ட வேலைகள் என்று கணக்கிட்டது. ஆனால் அந்த ஆய்வைச் செய்யச் சொன்னதே பணத்தைச் செலவிட்ட அமைப்புதான். தவிர, எங்கே அரசு பெரும்பணம் செலவிட்டாலும் வேலை பிறக்கும். மேம்பாலம் கட்டினாலும் பிறக்கும். அது ஸ்டெம் செல்லுக்கான தனி வாதம் ஆகாது.

தோல்விகளும் இருந்தன. கரு ஸ்டெம் செல்லைத் தண்டுவடக் காயத்துக்கு முதன்முதலாக மனிதர்களிடம் சோதித்த ஜெரான் நிறுவனம், 2011 நவம்பரில் பணக் காரணத்தைச் சொல்லித் திட்டத்தைக் கைவிட்டது. கலிபோர்னியப் பணத்தால் ஸ்டான்ஃபோர்டில் தொடக்க ஆராய்ச்சி நடந்த ஒரு புற்றுநோய் மருந்தை வைத்திருந்த நிறுவனத்தை 2020இல் மருந்து நிறுவனமான கிலியட் 490 கோடி டாலருக்கு வாங்கியது. பெரும் வெற்றி என்று கொண்டாடினார்கள். ரத்தப் புற்றுநோய்களில் அந்த மருந்தின் பெரிய ஆய்வுகள் தோற்று, 2024இல் நிறுத்தப்பட்டன. ஜப்பானில் இதயத்துக்கான ஹார்ட்ஷீட் என்ற செல் சிகிச்சை 2015இல் நிபந்தனை அனுமதி பெற்று, பலனை நிரூபிக்க முடியாமல் 2024இல் சந்தையை விட்டுப் போனது.

ஆகவே, ராயல்டி வரும், வேலை வரும், சென்னை இன்னொரு கலிபோர்னியா ஆகும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். 300 கோடி டாலர் இன்றைய மதிப்பில் 25,000 கோடி ரூபாய்க்கு மேல். நம்மிடம் இருப்பது 100 கோடி. ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் உருவாக்கிக் காட்டிய, சாதாரணத் தோல் செல்லைக் கருநிலைக்குத் திருப்பும் முறையில் இன்று பல நாடுகள் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் பாதியில் நுழைந்து நாம் முந்த முடியாது. கருவைப் பயன்படுத்துவது பற்றிய அறச் சர்ச்சைக்கும், நான் பேசப்போகும் வகை ஆராய்ச்சிக்கும் தொடர்பே இல்லை. அது முழுவதும் நோயாளியின் சொந்தச் செல்லைப் பற்றியது.

பலன் கண்ணுக்குத் தெரியும் இடம் விலை. ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சங்வான் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஒரு முறையைப் பாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் வெடித்துக் குழந்தையின் கண் வெந்துபோவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. கருவிழியின் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள் அழிந்துவிடுவதால் பார்வை போகிறது. ஐரோப்பாவில் 2015இல் அனுமதி பெற்ற ஹோலோகிளார் என்ற சிகிச்சை, நல்ல கண்ணிலிருந்து எடுத்த செல்லை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்துகிறது. பிரிட்டனில் ஒரு கண்ணுக்கு 80,000 பவுண்டு விலை வைத்தார்கள். ஹைதராபாத் குழு, நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுத் திசுவை எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, நோயுற்ற கண்ணின் மேல் பனிக்குடச் சவ்வை விரித்து நேராக அதிலேயே பொருத்தியது. செல்லை வளர்க்கும் வேலையைக் கண்ணே பார்த்துக்கொள்கிறது. விலையுயர்ந்த ஆய்வகமே தேவையில்லை. ஒரு சாதாரண அறுவை அரங்கில் முடிந்துவிடும். முறை வெளியிடப்பட்டது, உலகெங்கும் மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். யாருக்கும் ராயல்டி வரவில்லை. ஆனால் கண் பார்வை திரும்பி வேலைக்குப் போகும் ஒவ்வொருவருடைய வருமானமும் அந்த ஆராய்ச்சியின் வருவாய்தான்.

அடுத்தது ஸ்டெம் செல் அல்ல, அதன் பங்காளி. நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்லை எடுத்து, வைரஸ் வழியே மரபணு ஏற்றித் திருப்பித் தரும், ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் 4,75,000 டாலருக்கு வந்தது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்று, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலையில் கிடைக்கிறது. இங்கே நான் மேலே கேட்ட இரண்டாவது விற்பவர் வந்துவிட்டார். பொது ஆராய்ச்சிப் பணம் அவரை உருவாக்கியது.

இப்போது வேலூருக்கு வருவோம். 1986இலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் உதவியோடு ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ என்ற மரபுவழி நோயுள்ள ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களில், உறைதலுக்கான எட்டாம் காரணியின் மரபணுவை லென்டி வைரஸ் வழியே ஏற்றித் திருப்பிச் செலுத்தியது. 2024 இறுதியில் முடிவுகள் வெளிவந்தன. ஐந்து பேருக்கும் கண்காணிப்புக் காலத்தில் ரத்தக் கசிவு ஏற்படவில்லை. இதே நோய்க்கு அமெரிக்காவில் 2023இல் வந்த மரபணு சிகிச்சைக்கு 29 லட்சம் டாலர் விலை வைத்தார்கள். அது பயன்படுத்தும் வேறு வகை வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே உடலில் இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்கவும் முடியாது. வேலூர் முறைக்கு அந்தத் தடை இல்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நீண்டகாலப் பாதுகாப்பு இன்னும் தெரிய வேண்டும். என்றாலும் சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இது நடந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

மரபணுவைச் சுமக்கும் அந்த வைரஸின் தயாரிப்பு விரைவில் இந்தியாவிலேயே தொடங்கும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் அறிவித்தார். இத்தகைய சிகிச்சைகளின் செலவில் பெரும்பகுதியைத் தின்பது இந்த வைரஸ் தயாரிப்பும், மருந்துத் தரத்தில் செல்லைக் கையாளும் தூய அறைகளும்தான். ஒரு முறை கட்டிவிட்டால், ஹீமோபிலியாவுக்குப் பயன்படும் அதே வசதி தலசீமியாவுக்கும், அரிவாள் செல் நோய்க்கும் பயன்படும். ஏற்ற வேண்டிய மரபணு மட்டும் மாறும். மாற்று சிகிச்சையின் செலவு ஒவ்வொரு நோயாளிக்கும் திரும்பத் திரும்ப வருகிறது என்றேன்; இங்கே முதல் செலவு பெரியது, அடுத்தடுத்த நோயாளிக்கு அது குறைந்துகொண்டே போகும். தரமணியில் டைசல் உயிரித்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, கிண்டியில் ஐஐடி இருக்கிறது, நோயாளிகள் எழும்பூரிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இருக்கிறார்கள். வேலூரில் அறிவு இருக்கிறது. இவற்றை இணைக்கத்தான் பணம் இல்லை. நாடு முழுவதும் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் என்ற நிலையில், எல்லாவற்றையும் மத்திய அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது.

இன்னொரு காரணம் வயது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டுவார்கள் என்பது அரசின் கணிப்பு. பார்க்கின்சன் நோய்க்கான செல் சிகிச்சையின் முதற்கட்ட முடிவுகள் 2025இல் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தன. முதல் வகை நீரிழிவில், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்ற கணக்கை எடுத்ததே சென்னையில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம்தான்; அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டாம் வகை என்பதால் இந்தச் சிகிச்சை அவர்களுக்கானதல்ல. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கு என்றேனும் ஆகலாம். அன்று செல்லைக் கையாளத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்தால் விலையைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

நான் பிரித்தால்

20 கோடி, தலசீமியா மற்றும் அரிவாள் செல் மரபணுப் பரிசோதனைக்கு. தருமபுரி, சேலம், நீலகிரி மாவட்டங்களில் தொடங்கி. 30 கோடி, அரசு மருத்துவமனைகளில் மாற்று சிகிச்சைக்கும், பதிவேட்டில் புதிய கொடையாளர்களின் எச்எல்ஏ பரிசோதனைக்கும், அவர்கள் வீட்டாரிடம் பேசும் பணியாளர்களுக்கும். மீதி 50 கோடி ஆராய்ச்சிக்கு, அதிலும் ரத்தமும் கருவிழியும் ஆகிய இரண்டு துறைகளுக்கு மட்டும்: வைரஸ் தயாரிப்பு வசதி, இரண்டாம் மூன்றாம் கட்ட மருத்துவ ஆய்வுகள், ஆய்வக வல்லுநர்களுக்கான பயிற்சி.

என்னோடு உடன்படாதவர்கள் ஒரு வலுவான கேள்வி கேட்பார்கள். காஸ்ஜெவியின் அடிப்படை அறிவும் பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதானே? அப்படியிருந்தும் அமெரிக்க நோயாளிக்கு விலை குறையவில்லையே? உண்மை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் விலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வாங்காததால் வந்த வினை அது. ஆகவே அந்த 50 கோடியின் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகள் வேண்டும். பொதுப்பணத்தில் உருவான சிகிச்சையை அரசு மருத்துவமனைகளுக்குத் தயாரிப்புச் செலவோடு ஒப்புக்கொண்ட ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் சேர்த்துத் தர வேண்டும். உரிமத்தை ஒரே நிறுவனத்துக்கு மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஆய்வு தோற்றாலும் வென்றாலும் முடிவுகளை ஓராண்டுக்குள் வெளியிட வேண்டும். வெளியிடாதவருக்கு அடுத்த தவணை கிடையாது.